வழு எவருடையது?

பிழை செய்தவர் யார் என்னும் வினா நீதிமன்றத்திலும் வீட்டு முற்றத்திலும் மட்டும் எழுவதன்று. கணினிக்குச் செய்நிரல் எழுதுவோரும் அதனை நாள்தோறும் எதிர்கொள்கின்றனர். செய்நிரல் இடைவழியில் முறியுமாயின், அம்முறிவுக்குக் காரணம் புறவுலகில் நேர்ந்த தடையா, பயன்படுத்துவோர் தந்த தவறான தரவா, அன்றி எழுதியவரின் சிந்தனையிலேயே இருந்த குற்றமா என்பதை அச்செய்நிரலே அறிவித்தல் வேண்டும். அவ்வறிவிப்புக்கெனக் கணினி மொழிகள் சில வகைப்பெயர்களை வகுத்துள்ளன. வெறும் தொழில்நுட்பப் பட்டியல் போலத் தோன்றும் இவ்வகைப்பாட்டினுள் பொறுப்பு என்னும் அறவியற் பிரச்சினை அடங்கியுள்ளது என்பதே இக்கட்டுரையின் துணிபு. கலைப்பீட மாணவர் ஒருவர் இப்பொருள் பற்றி எழுதப் புகுந்தமைக்கு ஒரு காரணம் உண்டு. அது உரிய இடத்திற் கூறப்படும்.

வழுவுக்குப் பெயரிடும் மரபு

இலங்கையின் தமிழ்ப் பாடநூல்கள் செய்நிரலில் நேரும் பிழையை ‘வழு’ என்றே வழங்குகின்றன. இது பொருத்தமான சொல்லாட்சி. தமிழ் இலக்கணம் வழுவைப் பொதுப்படக் கண்டித்து அமையவில்லை. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என எழுவகையாகப் பகுத்து, எந்த வகையில் தவறு நேர்ந்தது என்று சுட்டக் கற்பித்தது. உயர்திணைப் பெயர் அஃறிணை வினை கொண்டு முடிந்தால் அது திணை வழு. நேற்று நடந்ததை நாளை நடக்கும் என்றால் அது கால வழு. ‘நீ பேசியது தவறு’ என்பதற்கும் ‘நீ பேசியதிற் காலம் வழுவியது’ என்பதற்கும் இடையில் பெரிய வேறுபாடு உண்டு. முன்னது பேசியவரை நாணச் செய்கின்றது. பின்னது பேச்சைத் திருத்தச் செய்கின்றது.

அளவை நூலாரும் இந்நெறியையே கைக்கொண்டனர். மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையில் அறவண அடிகள் பௌத்த அளவை நெறியை உரைக்குங்கால், பக்கம், ஏது, திட்டாந்தம் ஆகிய மூன்றிலும் நேரும் போலிகளைத் தனித்தனியே பெயரிட்டு விளக்குகின்றார். அவற்றுள் ஒன்று ஆசிரயாசித்தம். ஏதுவானது எதனைச் சார்ந்து நிற்றல் வேண்டுமோ, அச்சார்பே இல்லையென எதிர்வாதி கொள்ளுமிடத்து நேரும் குற்றம் அது. இன்றைய கணினியிலும் இதன் சாயல் கொண்ட வழு ஒன்று உண்டு. ஒரு பெயர் ஒரு பொருளைச் சுட்டுகின்றது என நம்பிச் செய்நிரல் செயற்பட முனையும்போது, அங்குச் சுட்டப்படும் பொருளே இல்லாதிருத்தல். இவ்வெற்றுச் சுட்டினை 1965 ஆம் ஆண்டளவில் ‘அல்கோல் டபிள்யூ’ மொழிக்குள் புகுத்தியவர் ரொனி ஹோர். அவரே 2009 இல் ஒரு மாநாட்டு மேடையில், அது நூறு கோடி டொலர் நட்டம் விளைத்த தம் பிழை என ஒப்புக்கொண்டார். வழுவை வகைப்படுத்தும் அறிவும் அதனைத் தன்னுடையது எனக் கூறும் துணிவும் ஒருவரிடத்தே சேர்ந்து காணப்பட்டமைக்கு இது நல்ல சான்று.

இருபெரும் பிரிவு

1998 இல் சர்வதேச நியமமாக வகுக்கப்பட்ட ‘சி பிளஸ் பிளஸ்’ மொழி, வழு அறிவிப்புக்களை இரு பெரும் கிளைகளாகப் பிரித்துக் காட்டியது. ஒன்று தருக்க வழு. மற்றது இயக்க நேர வழு. செய்நிரல் இயங்கத் தொடங்குமுன்னரே, கவனமாகச் சிந்தித்திருந்தால் தவிர்த்திருக்கக் கூடியது முன்னது. பொருந்தாத பெறுமதியைத் தருதல், எல்லைக்கு அப்பாற்பட்ட இடத்தைத் தேடுதல், அளவு மீறிய நீளத்தைக் கோருதல் முதலியன அதன் உட்பிரிவுகள். செய்நிரலின் ஆட்சிக்கு அப்பாற்பட்ட நிகழ்ச்சியால் விளைவது பின்னது. ஜாவா மொழி வேறு பெயர்களால் இதே வேறுபாட்டைப் பேணுகின்றது. கோப்புக் காணாமற்போதல், இணைப்பு அறுதல் போன்றவற்றுக்கு அழைப்பவர் மாற்றுவழி வகுத்தே ஆகவேண்டும் என அம்மொழி வற்புறுத்துகின்றது. எழுதியவரின் தவறால் எழும் வழுக்களுக்கு அவ்வாறு வற்புறுத்துவதில்லை. ஏனெனில் அவை சமாளிக்கத் தக்கன அல்ல, திருத்தத் தக்கன.

துறைமுகப் பட்டினத்தில் வளர்ந்தோர்க்கு இவ்வேறுபாடு புதியதன்று. கடும்புயலிற் சிக்கிய கப்பலின் தலைவர், துறை சேர்ந்ததும் நொத்தாரிசு முன்னிலையில் ஒரு முறைப்பாட்டைப் பதிவு செய்வது கடலோடிகளின் பழைய வழக்கம். சரக்குக்கு நேர்ந்த சேதம் கடலால் விளைந்தது, கப்பலோட்டியவர்களின் கவனக்குறைவால் அன்று என்பதே அதன் சாரம். திருகோணமலையின் உட்துறை ஆழமானது. மலைகளாலும் முனைகளாலும் சூழப்பட்டது. வெளிக்கடலில் உடைந்த பாய்மரத்துக்குக் காற்றைக் காரணங் காட்டலாம். உட்துறையிற் பாறைதட்டிய படகுக்குக் காற்றைக் காரணங் காட்டுவோரை எவரும் எளிதில் நம்பார்.

மெய்யியலில் இப்பாகுபாட்டின் வேர் மிகப் பழையது. அரிஸ்டோட்டில் தமது நிக்கோமாக்கிய அறவியலின் ஐந்தாம் நூலில், ஒருவரால் பிறர்க்கு விளையும் தீங்கினைத் தரம் பிரிக்கின்றார். எதிர்பார்க்க இயலாதவாறு, காரணம் புறத்தே நிற்ப விளைவது அவப்பேறு. எதிர்பார்த்திருக்கக் கூடியதாய், தீய எண்ணம் இன்றி, காரணம் தன்னகத்தே நிற்ப விளைவது பிழை. அறிந்தே செய்வது அநீதி. இயக்க நேர வழு அவப்பேற்றை ஒத்தது. தருக்க வழு பிழையை ஒத்தது. மூன்றாவதாகிய அநீதிக்குக் கணினி மொழிகளிற் பெயரில்லை. ஆயின் அது கணினியோடு வாழும் மனிதரிடத்தே தோன்றுகின்றது. யாங்ஙனம் என்பதை ஒரு சிறு நிகழ்ச்சி கொண்டு காட்டலாம்.

கரைவலைக் கணக்கு

கொட்டியாரக் குடாவை அடுத்த கரையோரக் கிராமம் ஒன்றில் உறவினர் சிலர் கரைவலைத் தொழில் செய்கின்றனர். வாடைக்காற்று ஓய்ந்து கடல் அடங்கிய மாதங்களில் வலை வளைத்து, இரு கரையிலும் நின்று பலர் சேர்ந்து இழுப்பர். அக்கரையின் ஒழுங்குப்படி, சம்மாட்டியின் பங்கும் செலவும் நீங்கிய மிகுதி, ஒவ்வொருவரும் வலையிழுத்த நாட்களின் தொகைக்கேற்ப மாத முடிவில் பிரிக்கப்படும். கணக்கெழுதி வந்த முதியவருக்குக் கண்பார்வை மங்கியது. துணைப்பாடமாகச் செய்நிரலாக்கம் கற்றுக்கொண்டிருந்த நான், பைதன் மொழியில் ஒரு சிறு கணக்குச் செய்நிரலை எழுதிப் பழைய மடிக்கணினி ஒன்றில் ஏற்றிக் கொடுத்தேன். அவருடைய பேரன் வாசித்துக் காட்ட, அவர் நாள்தோறும் விவரம் சொல்லிப் பதிவித்தார்.

அச்செய்நிரல் விற்ற தொகையை மீனின் நிறையால் வகுத்து ஒரு கிலோவின் சராசரி விலையையும் காட்டும். எழுதிச் சோதித்தபோது, நிறை பூச்சியமாக இருந்தால் வகுத்தல் முறிவதைக் கண்டேன். பூச்சியத்தால் வகுக்க இயலாது என்பது கணிதம். அதனைத் தடுக்க ஒரு வரி சேர்த்தேன்: நிறை பூச்சியமாயின் ‘பிழையான பதிவு, சரிபார்த்து மீண்டும் பதியவும்’ என்று திரையிற் காட்டி, அந்நாளின் பதிவை ஏற்க மறுக்கும்படி செய்தேன். செய்நிரல் அதன்பின் ஒருபோதும் முறியவில்லை. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

மாதக் கடைசியில் இளைஞர் ஒருவர் தம் நாட்கணக்கில் ஐந்து நாள் குறைகின்றது என்றார். முதியவரிடம் சென்று, ஏதேனும் பதிய மறந்தீர்களா எனக் கேட்டேன். அவர் தலைகுனிந்து, “பிள்ளை, வெறும் வலை வந்த நாளைப் பதிஞ்சால் இந்தப் பெட்டி பிழை எண்டு சொல்லுது. நான் தான் என்னவோ பிழை விடுறன் எண்டு நினைச்சன். பிறகு அந்த நாளுகளை விட்டிட்டன்” என்றார்.

மீன் படாத நாளும் உழைத்த நாளே. வலையின் பாரமும் மணலின் சூடும் அன்று குறைவதில்லை. அந்நாட்களில் இழுத்தவர்களின் உழைப்பு என் ஒரு வரியினாற் கணக்கிலிருந்து அழிந்தது. அதனினும் பெரிய தீங்கு மற்றொன்று. நாற்பது ஆண்டு கணக்கிற் பிழையாதவர் என்று கரை முழுதும் மதித்த ஒருவர், தம் கணக்கறிவையே ஐயுறத் தொடங்கிவிட்டார். வெறும் வலை கடலின் இயல்பு. அதனை எண்ணாதது என் தருக்க வழு. அத்தருக்க வழுவுக்கு நான் கொடுத்த பெயர் ‘பிழையான பதிவு’. பிழை என்னுடையது, பெயர் அவருடையதாயிற்று.

முன்நிபந்தனையின் நியாயம்

இவ்விடத்தில் ஒருவர் வினவலாம்: பயன்படுத்துவோர் தரும் தரவைச் சோதிப்பதும் பொருந்தாததை மறுப்பதும் செய்நிரலின் கடமை அன்றோ? ஆம். அதற்கான தெளிவான கோட்பாட்டை 1980களில் ‘ஈபெல்’ மொழியை உருவாக்கிய பேர்ட்ரன்ட் மேயர் வகுத்தார். செய்நிரலின் ஒவ்வொரு பகுதியும் அதனை அழைப்பவரோடு ஓர் உடன்படிக்கை செய்துகொள்கின்றது. இன்ன நிலையில் என்னை அழைத்தால் இன்ன விளைவைத் தருவேன் என்பது அதன் வடிவம். முன்நிபந்தனை மீறப்பட்டால் வழு அழைத்தவருடையது. முன்நிபந்தனை நிறைவேறியும் விளைவு பிறழ்ந்தால் வழு பணிசெய்த பகுதியுடையது. பொறுப்பு எங்கே முடிந்து எங்கே தொடங்குகின்றது என்பதை இவ்வளவு துலக்கமாகக் கூறிய அறநூல்கள் மிகச்சிலவே எனலாம்.

ஆயின் செய்நிரற் பகுதிகளுக்கிடையே உள்ள உடன்படிக்கைக்கும் மனிதரோடு செய்யும் உடன்படிக்கைக்கும் வேறுபாடு உண்டு. மனிதர்மேல் முன்நிபந்தனை விதிப்பவர் மூன்றினை எண்ணிப் பார்த்தல் கடன். முதலாவது, அந்நிபந்தனை அவருக்கு முன்னரே தெரிவிக்கப்பட்டதா? இரண்டாவது, அதனை நிறைவேற்ற அவரால் இயலுமா? மூன்றாவது, உண்மையைக் கூறிக்கொண்டே அதனை நிறைவேற்ற முடியுமா? இறுதி வினாவே தலையாயது. முதியவர் என் நிபந்தனையை நிறைவேற்ற விரும்பியிருந்தால், படாத மீனைப் பட்டதாகப் பொய் எழுதியிருக்க வேண்டும். உண்மை கூறுவோரைப் பிழைகாரராக்கும் நிபந்தனை உடன்படிக்கை ஆகாது. படிவங்களை வகுப்போர், விதிகளை இயற்றுவோர், பரீட்சை நடத்துவோர் யாவரும் இவ்வினாக்களுக்கு உட்பட்டவர்களே.

கேட்பார் இல்லாத வாக்குமூலம்

தருக்க வழுவைப் புறவிபத்து என மயங்கியதன் விளைவு 1996 ஜூன் 4 ஆம் நாள் உலகறிய வெளிப்பட்டது. பிரெஞ்சுக் கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து முதன்முதலாகப் புறப்பட்ட ‘ஏரியன் 5’ ஏவூர்தி, நாற்பது செக்கன் அளவில் வழிபிறழ்ந்து சிதறியது. அதன் திசையறி கருவியின் செய்நிரல் ஏரியன் 4 இலிருந்து எடுக்கப்பட்டது. ஏடா மொழியில் எழுதப்பட்ட அச்செய்நிரல், 64 பிற்று அளவில் இருந்த கிடைத்திசை வேகம் சார்ந்த ஓர் எண்ணை 16 பிற்று முழுவெண்ணாக மாற்ற முயன்றது. புதிய ஏவூர்தியின் பாதையில் அவ்வேகம் முன்னையதினும் விரைந்து பெருகியமையால், எண் அவ்வளவுக்குள் அடங்கவில்லை. வழு எழுந்தது, கருவி தன்னை நிறுத்திக்கொண்டது. துணையாக இருந்த மற்றொரு கருவியும் அதே செய்நிரலைக் கொண்டிருந்தமையால் அதே வழுவினால் சற்று முன்னரே நின்றுபோயிருந்தது.

விசாரணைக் குழுவின் அறிக்கை சுட்டிய ஓர் உண்மை ஈண்டுப் பெரிதும் கருதத்தக்கது. வழு எழுந்தவுடன் கருவியை நிறுத்தித் துணைக்கருவிக்கு மாறும் ஏற்பாடு, உறுப்புக்கள் தற்செயலாகப் பழுதடையும் என்னும் எண்ணத்தின்மேல் அமைந்தது. செய்நிரல் தவறென நிறுவப்படும்வரை சரியானதே என்னும் நம்பிக்கை அதன் அடியில் இருந்தது. உறுப்புப் பழுதடைவது அவப்பேறு. அதற்கு இன்னோர் உறுப்பு மருந்தாகும். சிந்தனை பழுதாயின் அதே சிந்தனையின் மறுபடி மருந்தாகாது.

வேறொன்றும் உண்டு. நின்றுபோன கருவி, தன் வழுவின் விவரத்தைப் பிரதான கணினிக்கு அனுப்பியது. பிரதான கணினியோ அதனைப் பறப்பின் தரவு என்று எண்ணி அதன்படி ஏவூர்தியைத் திருப்பியது. பிழையை ஒப்புக்கொள்ளல் மட்டும் போதாது. அதனை ஒப்புதல் என்று அறிந்து ஆவன செய்யவல்லவரிடம் அது சென்று சேர்தல் வேண்டும் என்பதே இதனாற் பெறப்படும் பாடம்.

பிழை அநீதியாகும் இடம்

ஏரியனில் அழிந்தது ஏவூர்தியும் அது சுமந்த விண்கலங்களும். மனிதர் எவரும் இறக்கவில்லை. பிரித்தானிய அஞ்சல் துறையில் நிகழ்ந்ததோ வேறு. புஜிட்சு நிறுவனம் வழங்கிய ‘ஹொரைசன்’ என்னும் கணக்குமுறை, சிறு அஞ்சலகங்களின் கணக்கில் இல்லாத பற்றாக்குறைகளைக் காட்டியது. அஞ்சலகங்களை நடத்தியோரே அதற்குப் பொறுப்பாக்கப்பட்டனர். 1999 முதல் 2015 வரை தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டோர் களவு, பொய்க்கணக்கு முதலிய குற்றங்களுக்குத் தண்டனை பெற்றனர். அவர்களுள் தெற்காசிய வழியினரும் பலர். கருவுற்றிருந்த பெண்ணொருவரும் 2010 இற் சிறை புகுந்தார். கணினி சரியாக இயங்கியது எனச் சான்று காட்ட வேண்டும் என்றிருந்த சட்டப்பிரிவினை அந்நாடு 1999 இல் நீக்கியிருந்தது. கணினி சரியானதே என்பது முற்கோளாயிற்று. மனிதர் நேர்மையானவர் என்பது நிறுவப்பட வேண்டியதாயிற்று.

2019 டிசெம்பரில் மேல்நீதிமன்றம் அம்முறையில் வழுக்கள் இருந்தமையை உறுதிசெய்தது. 2021 ஏப்ரலில் முப்பத்தொன்பது பேரின் தண்டனைகளை மேன்முறையீட்டு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2024 இல் எஞ்சியோரிற் பெரும்பாலோரின் தண்டனைகளை நீக்கப் பாராளுமன்றம் தனிச்சட்டமே இயற்றிற்று. இதற்கிடையில் வீடிழந்தோரும் உயிரிழந்தோரும் உளர். செய்நிரலில் வழு இருந்தமை பிழை. முறையில் வழுக்கள் உண்டு என்பதை உள்ளிருந்தோர் அறிந்த பின்னும், அதன் கணக்கையே சான்றாகக் கொண்டு மனிதரைச் சிறைக்கு அனுப்பியமை அரிஸ்டோட்டில் கூறிய மூன்றாம் வகையைச் சாரும். பிழைக்கும் அநீதிக்கும் இடையில் நிற்பது அறிவு என்னும் ஒரே படிதான்.

முடிவாக

எல்லா முறிவுகளையும் நம் பிழை என்றே ஏற்றுக்கொள்வது அறமாகாதோ எனச் சிலர் கருதக்கூடும். அது பணிவு போலத் தோன்றினும் உண்மை ஆகாது. மின்தடைக்குச் செய்நிரல் எழுதியவர் பொறுப்பல்லர். ஆழிப்பேரலைக்கு மீனவர் பொறுப்பல்லர். எல்லாம் என் குற்றம் என்பவரும் எதுவும் என் குற்றம் அன்று என்பவரும் ஒரே தவறையே செய்கின்றனர்: இருவரும் ஆராய மறுக்கின்றனர். ஆராய்ந்து உரியவரிடத்தே உரிய பொறுப்பை வைத்தலே அறம்.

தமிழ் மரபில் இதற்கு உயர்ந்த எடுத்துக்காட்டு பாண்டியன் நெடுஞ்செழியன். அவனிடம் பொய் கூறியவன் பொற்கொல்லன். இன்றைய மொழியிற் கூறின், தவறான தரவு வெளியிலிருந்து வந்தது. அதனைக் காட்டித் தன்னைக் காத்துக்கொள்ள அவனால் இயன்றிருக்கும். கண்ணகியின் சிலம்பு உடைந்து மாணிக்கம் சிதறிய கணத்தில் அவன் பொற்கொல்லனைத் தேடவில்லை. வந்த சொல்லை ஆராய்வது அரசின் கடன் என்பதையும், அக்கடன் தன்னிடத்தே வழுவியது என்பதையும் உணர்ந்தான், உயிர் துறந்தான். அரசர்க்கு விதித்த அக்கடுந்தண்டனை நமக்கு வேண்டியதில்லை. அவன் செய்த பகுப்பாய்வு நமக்கு வேண்டும்.

கரைவலைக் கணக்கு பின்னர்த் திருத்தப்பட்டது. பூச்சிய நிறையும் முறையான பதிவாக ஏற்கப்படுகின்றது. அன்று சராசரி விலை இல்லை என்று மட்டும் திரை கூறும். விடுபட்ட ஐந்து நாட்களை முதியவர் தம் நினைவிலிருந்தே கூறினார். ஆட்களின் பெயர்கள் உட்பட ஒன்றும் பிசகவில்லை. பங்கு மீளப் பிரிக்கப்பட்டது. பிழை உங்களுடையதன்று, என்னுடையது என்று அவரிடம் பலர் முன்னிலையிற் சொன்னேன். அவர் சிரித்து, “அப்ப பெட்டியிலயும் அப்பிடி எழுதிவிடு, பிள்ளை” என்றார். செய்நிரலின் உள்ளே எழுதியவரின் தவறால் ஏதேனும் முறிந்தால், இப்போது திரையில் தோன்றும் வாசகம் இது: ‘இது செய்நிரலை எழுதியவரின் வழு. நீங்கள் பதிந்தது அழியவில்லை. அவருக்கு அறிவிக்கவும்.’